தாழி தந்த முகங்கள்

1876ஆம் ஆண்டில் யாகோர் என்னும் செர்மானிய அறிஞர் ஆதிச்சநல்லூரை அகழ்ந்து, கண்டெடுத்த பழம்பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். ஆய்வின் பொருட்டு நம் செல்வம் கடல் கடந்த காலம் அது.

இன்று பொருளின் வடிவம் மட்டுமே பயணம் செய்கிறது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆடவர் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக அறிஞர்கள் ஸ்கேன் செய்து, அவற்றின் முப்பரிமாண வடிவத்தைக் கணினிவழி லிவர்பூலுக்கு அனுப்பினர். அங்குள்ள ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தார் அவ்வடிவின்மேல் தசையும் தோலும் பொருத்தினர்; கிடைக்காத கீழ்த்தாடையை அளவைகளால் கணித்தனர். 2025இல் சங்ககாலத்தை ஒட்டிய இருவர் முகங்கள் உலகின்முன் தோன்றின.

ஆயினும் எலும்பு உரைப்பது முகத்தின் அமைப்பையே. தோலுக்கும் கண்ணுக்கும் இட்ட நிறம், இன்றைய தென்னாட்டு மக்களை நோக்கிக் கொண்ட ஊகமே. இதனை மறந்து நிறத்தைக் கொண்டு இனம் பேசுதல் ஆய்வாகாது.

எல்லையூராகிய தடாவில் வாழும் நம் பிள்ளைகளும் அம்முகங்களைத் திரையில் காண்பர். பெருமிதம் கொள்ளட்டும். அதனோடு, சான்று எது, ஊகம் எது எனப் பிரித்தறியவும் கற்பிப்போம். முன்னோர்க்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு அதுவேயன்றோ!