கிடைத்த நாடா, பிடித்த நாடா? அரேபிய மணலில் உரோமப் பாசறைகள்

நபத்திய அரபுகளின் அரசு கி.பி. 106ஆம் ஆண்டில் உரோமப் பேரரசினுள் அடங்கிப்போனது. பெட்ராவின் செந்நிறப் பாறைகளைக் குடைந்து வியத்தகு கல்லறை முகப்புகளை அமைத்தவர்கள் இவர்கள். தென்னரேபியாவின் சாம்பிராணியையும் வெள்ளைப்போளத்தையும் ஒட்டகங்களில் ஏற்றி மத்தியதரைக் கரைவரை கொண்டுசென்று செல்வம் சேர்த்தவர்களும் இவர்களே. அரபு எழுத்து இவர்களது எழுத்திலிருந்தே படிப்படியாக உருவானது என்பது அறிஞர் பலரின் முடிவு. இத்தகைய ஒரு சமூகத்தின் அரசு எவ்வாறு முடிந்தது? இக்கேள்விக்கு நெடுங்காலமாக நமக்குக் கிடைத்த விடை உரோமர் சொன்ன விடை மட்டுமே.

அதுவும் மிகச் சுருக்கமான விடை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் வரலாறு எழுதிய காசியஸ் டியோ, சிரியாவின் ஆளுநர் பால்மா பெட்ராவைச் சூழ்ந்த அரேபியாவை அடக்கி உரோமருக்குக் கீழ்ப்படுத்தினார் என ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். பேரரசர் திராஜன் வெளியிட்ட நாணயங்களோ வேறொரு சொல்லைப் பேசுகின்றன. டேசியா நாட்டை வென்றபோது ‘டேசியா கைப்பற்றப்பட்டது’ என்று பொறித்த அதே பேரரசர், அரேபியாவைப் பொறுத்தவரை ‘அரேபியா ஈட்டப்பட்டது’ என்ற பொருள்தரும் இலத்தீன் சொல்லையே பொறித்தார். இந்தச் சொல் வேறுபாட்டைக் கொண்டு, மன்னர் இரண்டாம் ரப்பேலின் மறைவோடு நாடு சண்டையின்றிக் கைமாறியது எனப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதினர். போர் நடந்ததாக எவரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே போர் நடக்கவில்லை என்பதே அவர்களது வாதம்.

உரோமர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கி.மு. 26-25இல் எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் கல்லஸ், சுமார் 10,000 வீரருடன் தென்னரேபியாவை நோக்கிப் படையெடுத்துத் தோல்வியுடன் திரும்பினார். போரில் இறந்தவர் 7 பேர் மட்டுமே என்றும், ஏனையோர் நோயாலும் பசியாலும் களைப்பாலும் மடிந்தனர் என்றும், எல்லாவற்றுக்கும் வழிகாட்டியாக வந்த நபத்திய அமைச்சர் சில்லேயஸின் துரோகமே காரணம் என்றும் ஸ்ட்ராபோ எழுதினார். ஸ்ட்ராபோ, கல்லஸின் நண்பர். சில்லேயஸ் தரப்பு வாதத்தை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை விட்டுச்சென்ற நபத்தியர், தம் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூலையேனும் நமக்கு விட்டுச்செல்லவில்லை.

ஆனால் நூல் பேசாத இடத்தில் நிலம் பேசத் தொடங்கியிருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கல் ஃபிராட்லியும் அவரது சக ஆய்வாளர்களும் ‘அன்ரிகுயிற்றி’ என்ற தொல்லியல் சஞ்சிகையில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். கூகுள் ஏர்த் செய்மதிப் படங்களை ஆராய்கையில், தெற்கு ஜோர்தானின் பாலைவனத்தில் மூன்று உரோமப் படைப் பாசறைகளின் தடயங்கள் தென்பட்டன. சீட்டுக்கட்டின் சீட்டைப் போன்ற வட்டமுனைச் செவ்வகம். நாற்புறமும் எதிரெதிரே வாயில்கள். நகரும் படை சில நாள் தங்குவதற்காக எழுப்பும் உரோமப் பாசறையின் அடையாளம் இதுவே.

மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், இன்றைய சவூதி அரேபியாவிலுள்ள தூமத்துல் ஜந்தலை நோக்கிச் செல்கின்றன. ஒன்றுக்கொன்று இடையிலான தூரம் 37 முதல் 44 கிலோமீற்றர். காலாட்படை ஒரே நாளில் கடக்க முடியாத இத்தூரம், குதிரை அல்லது ஒட்டகப் படையையே சுட்டுகிறது. வழமையான வாதி ஸிர்ஹான் வணிகப் பாதையை விட்டு, ஒதுக்குப்புறமான பாதையில் படை சென்றிருக்கிறது. எதிர்பாராத திசையிலிருந்து தாக்குவதே நோக்கமாக இருக்கலாம். மேற்கிலுள்ள பாசறை மற்ற இரண்டையும்விடப் பெரியது. மீதிப் படை எங்கே போனது? பிரிந்து வேறு வழி சென்றதா, தண்ணீர் அனுப்புவதற்காகப் பின்தங்கியதா, போரில் அழிந்ததா? ஆய்வாளர்களே இவ்வினாக்களை எழுப்பியுள்ளனர். பாசறைகளை 106ஆம் ஆண்டுடன் இணைப்பது ஓர் ஊகமே என்பதையும், காலத்தை உறுதிசெய்யக் களஆய்வு வேண்டும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எனினும் ‘ஈட்டப்பட்ட’ நாட்டின் குறுக்கே போர்க்கோலத்தில் ஒரு படை நடந்தது என்றால், அந்த நாணயச் சொல்லை அப்படியே ஏற்க இனி இயலாது.

படை வந்ததோடு நின்றுவிடவில்லை. 111க்கும் 114க்கும் இடையில் பொஸ்ராவிலிருந்து அகபாவரை திராஜன் நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. மதாயின் ஸாலிஹ் என நாம் அறிந்த ஹிஜ்ர் நகரில் 2003இல் கிடைத்த இலத்தீன் கல்வெட்டு, கி.பி. 175-177 காலத்தது. மூன்றாம் சிரெனைக்கா படையணியின் அதிகாரிகள் இருவர் மேற்பார்க்க, முதுமையால் சிதைந்த மதிலை ஹிஜ்ர் மக்கள் ‘தம் சொந்தச் செலவில்’ புதுப்பித்ததாக அது கூறுகிறது. வேலையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அந்நகரின் முதல்வரான ஹய்யானின் மகன் அம்ரு. பேரரசரின் பெயர் தாங்கிய கல்லில் ஓர் அரபியின் பெயரும் அவரது தந்தையின் பெயரும் இருக்கின்றன. செலவு யாருடையது என்பதும் இருக்கிறது.

இன்னும் தெற்கே, ஜீஸான் கரைக்கு அப்பாலுள்ள ஃபரஸான் தீவுகளில் கிடைத்த மற்றொரு இலத்தீன் கல்வெட்டு, கி.பி. 143-144இல் இரண்டாம் திராஜன் படையணியின் ஒரு பிரிவு அங்கு நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. எகிப்தின் பெரெனிக்கே துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவு இது! இந்தியாவின் மிளகும் முத்தும் எகிப்துக்குச் சென்றது இச்செங்கடல் வழியாகத்தான். இதன் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொகாமஸின் ஆள் ஒருவர் காற்றில் அள்ளுண்டு இலங்கையில் கரையேறியதைப் பிளினி குறித்துள்ளார். அத்தகைய கடல்வழியின் வாயிலில் உரோமப் படை காவல் இருந்ததை எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. ஒரு கல் சொன்னது.

வென்றவரின் ஏடு ஒரு சாட்சி. அது ஒன்றே சாட்சியாகிவிடாது. தம் வரலாற்றைத் தாமே எழுதாத, அல்லது எழுதியும் காக்கத் தவறிய எந்தச் சமூகத்தின் கதையும் மற்றவரின் ஒரு வாக்கியத்துக்குள் சுருங்கிவிடும். நபத்தியரின் கதை அப்படித்தான் டியோவின் ஒரு வரியிலும் ஒரு நாணயத்தின் இரண்டு சொற்களிலும் அடைபட்டுக் கிடந்தது. பத்தொன்பது நூற்றாண்டுகளின் பின்னர், சில நாள் மட்டுமே தங்கிச்சென்ற ஒரு படையின் மண்மேடு அவ்வரியைத் திருத்தி எழுதச் சொல்கிறது.