கோட்டைக் கொச்சியில் ஓர் உலாந்தாச் சிற்றூர்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவரிடம் டச்சுக்காரர் என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது டச்சு அரண்மனையேயாகும். ஆனால் அவ்வரண்மனை டச்சுக்காரர் கட்டியதன்று. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. பின்னாளில் டச்சுக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்ததனால் பெயர் அவர்களுக்குப் போயிற்று. அவர்கள் மெய்யாகவே குடியிருந்த ஊர் கல்வத்தி வாய்க்காலுக்கு மேற்கே, நாம் நடந்தே சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளது. கோட்டைக் கொச்சி என்று இன்று வழங்கும் அப்பகுதியின் வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. அதனை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். மேற்கே அரபிக்கடல்; வடக்கே கடலும் காயலும் கலக்கும் துறைமுக வாய், அதன் அக்கரையில் வைப்பின் தீவு; கிழக்கே காயல். மேடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லாத மணற்பரப்பு. 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளமே இத்துறைமுக வாயைத் திறந்தது என்பர். கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் கரையெழுப்பி வாய்க்கால் வெட்டி வாழ்ந்து பழகிய ஒல்லாந்து மக்களுக்கு, நீர் சூழ்ந்த இவ்விடம் அத்துணை அந்நியமாகத் தோன்றியிராது.

அவர்கள் இங்கு வந்தது நம் தமிழ்க்கரை வழியாகத்தான். 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையை அமைத்தனர். 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் போர்த்துக்கீசியர் கையிலிருந்து அவர்கள் வசமாயின. அதன் பின்னரே மிளகு நாட்டின்மேல் படை திரும்பியது. 1661-இல் கொல்லமும், 1662-இல் கொடுங்கல்லூரும், 1663 சனவரியில் கொச்சியும் வீழ்ந்தன. நம் முன்னோர் அவர்களை உலாந்தாக்காரர் என்றனர். மலையாளத்தார் லந்தக்காரர் என்றனர். அவர்தம் சில்லறைக் காசாகிய டாய்ட் என்பதிலிருந்தே நம் ‘துட்டு’ பிறந்தது. அவையில் சொல்லத் தயங்கும் ‘கக்கூசு’ என்ற சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே. ஆண்ட இனம் விட்டுச்செல்லும் சொற்கள் எப்போதும் உயர்ந்தனவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது போலும்!

போர்த்துக்கீசியரின் நகரம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. காவலுக்கு ஆளும் பொருளும் மிகுதியாக வேண்டுமெனக் கருதி, நகரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, மதிலைச் சுருக்கிக் கட்டினர். நகரம் சிற்றூராயிற்று. மதிலின் கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, கெல்டர்லாந்து, குரோனிங்கன் எனத் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். இன்று பாஸ்டின் பங்களா நிற்குமிடமும் அத்தகைய கொத்தளம் ஒன்றின் இடமே. பீட்டர்செல்லித் தெரு என்பதைக் கேட்போர் யாரோ ஒரு பீட்டர் துரையின் பெயர் என்று எண்ணுவர். அது கொத்தமல்லி போன்ற ஒரு கீரையின் டச்சுப் பெயர். பர்கர் தெருவும் அவர்கள் காலத்தை நினைவூட்டுவதே. அணிவகுப்பு மைதானத்தருகே 1740 என்ற ஆண்டும் கும்பினியின் முத்திரையும் செதுக்கிய மரவாயில் ஒன்று நிற்கிறது. கடற்கரையை அடுத்த இடுகாடு 1724-ஆம் ஆண்டினது.

இச்சிற்றூரின் தலைவராக இருந்த வான் ரீடு தொடங்கிய பெரும்பணி, மலையாள நாட்டு மரஞ்செடிகளைப் பற்றிய நூலாகும். ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்ற பெயரில் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மூலிகைகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவர். கொங்கணி மருத்துவர் மூவரும் உடனிருந்து உதவினர். மிளகுக்காகச் செய்த போர்கள் எல்லாம் மறைந்தன, இந்நூல் மறையவில்லை.

1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் அவர்களை முறியடித்தபோதே மலையாளக் கரையில் அவர்கள் வலிமை ஒடிந்தது. அங்குச் சிறைப்பட்ட தெ லனாய் பின்பு அம்மன்னரின் படைத்தலைவரே ஆனார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1795 அக்டோபரில் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806-இல் அவர்கள் கோட்டை மதிலை வெடிவைத்துத் தகர்த்தனர். 1814-இல் இலண்டனில் எழுதிய உடன்படிக்கையின்படி, சுமத்திராவை அடுத்த பாங்கா என்ற ஈயத் தீவைப் பெற்றுக்கொண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைவிட்டனர். ஊரார் எவரையும் கேளாமல் ஓர் ஊரைத் தீவுக்கு மாற்றிக்கொண்ட வாணிபம் அது. அவர்களுடைய கொச்சி ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து டச்சுத் தலைவர் இருவரின் குறிப்புகளைக் கல்லெட்டி என்பார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1911-இல் வெளியிட்டார்.

டச்சுக்காரர் போயினர். ஆனால் அவர்கள் காலத்தில் வந்த தமிழர் போகவில்லை. கோட்டைப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக, 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அவர்கள் அழைத்து வந்தனர் என்பது அக்குடும்பங்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. வெளி என்று தமிழும் மலையாளமும் ஒருங்கே விளங்கும் பெயருடைய மைதானத்தை அடுத்துள்ள குளங்களில் அவர்கள் துணி வெளுத்தனர். 1976-இல் கொச்சி வளர்ச்சிக் கழகத்தார் அங்கே துறைகளோடு கூடிய சலவைக்கூடம் கட்டிக் கொடுத்தனர்; வண்ணார் சங்கம் அதனை நடத்தி வருகிறது. வீரர்கள் போய், ஆங்கிலத் துரைமார் போய், மருத்துவமனைகளும் உணவு விடுதிகளும் வாடிக்கையாயின.

மட்டாஞ்சேரித் தமிழரின் வரலாற்றைக் கேட்டால் வாணிபத்துக்கு வந்தோரையும் உத்தியோகத்துக்கு வந்தோரையும் முதலில் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இத்துறையில் நின்றவர்களும் காலத்தால் மூத்தவர்களே. இன்றும் அங்குச் சென்றால், கல்லில் அடித்த துணியைக் கஞ்சியில் தோய்த்து, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரிகளுக்கிடையே செருகிக் காயவிடுவதைக் காணலாம். கவ்வியோ ஊசியோ வேண்டியதில்லை. காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை. பெரியவர்கள் தம்முள் பேசிக்கொள்வது தமிழாகவும், பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு விடை சொல்வது மலையாளமாகவும் இருக்கும்.