செப்பேட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு தொழில்: புனேயின் கசபா பேட்டையில் ஒரு நடை

புனே என்னும் பெயரின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று செம்பில் இருக்கிறது. ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணனின் தளேகாவ் செப்பேடு, பொ.ஆ. 768இல், இந்நிலப்பகுதியைப் ‘புனக விஷயம்’ என்று குறிப்பிடுகிறது. கொடுத்த மன்னன், பெற்றவர், கொடுக்கப்பட்ட ஊர், அதன் எல்லைகள் ஆகியவற்றை இத்தகைய சாசனங்கள் கவனமாகப் பதிவு செய்யும். அந்த எழுத்துகளைத் தாங்கும் தகட்டை உலையில் காய்ச்சி, அடித்து, ஏடாகத் தட்டையாக்கியவன் யார் என்பது சாசனத்தின் கவலை அன்று. ஒரு நகரம் தன் பெயரைக் காத்துவைத்திருக்கும் பொருளைச் செய்த கைக்கு அந்நகர வரலாற்றில் இடம் எங்கே? சில மாதங்களாகக் கசபா பேட்டையின் கோயில்களையும் கைவினைத் தெருக்களையும் நடந்து பார்த்துவரும்போது என்னைத் தொடர்ந்துவந்த கேள்வி இது.

புனேயில் ‘மரபு நடை’ என்ற பெயரில் நடத்தப்படும் சுற்றுகளில் பொதுவாக இரு பட்டியல்கள் உண்டு. கோயில், வாடா, அரண்மனை ஆகியவை முதல் பட்டியல். செம்புத் தொழிலாளர் தெரு, குயவர் குடியிருப்பு, மூங்கில் வேலை செய்வோர் சந்து ஆகியவை இரண்டாம் பட்டியல். முதலாவது வரலாறு என்றும் இரண்டாவது வாழ்க்கை முறை என்றும் சொல்லப்படாமலே புரிந்துகொள்ளப்படுகிறது. இவை இரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பதும், பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கைவினைஞர்கள் சடங்குரிமைக்காக நடத்திய வழக்குகளைப் படிக்காமல் இத்தெருக்களைப் புரிந்துகொள்ள இயலாது என்பதும் என் கருத்து.

கசபா பேட்டையே பழைய புனே. பேஷ்வாக்கள் காலத்தில் பெருகிய பேட்டைகள் இதைச் சுற்றி வளர்ந்தவை. 1630களில் அடில்ஷாஹிப் படையால் பாழாக்கப்பட்டுக் கழுதை பூட்டி உழப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த ஊரை ஜிஜாபாயும் இளம் சிவாஜியும் மீண்டும் குடியேற்றினர் என்பது மராட்டிய மரபு. அம்மரபின்படி ஜிஜாபாய் எழுப்பிய கசபா கணபதியே இன்றும் நகரின் கிராமதேவதை. கணேச விசர்ஜன ஊர்வலத்தில் முதல் மரியாதை அவருக்கு. இரண்டாவது தாம்ப்டி ஜோகேஸ்வரிக்கு. ‘தாம்ப்டா’ என்றால் மராட்டியில் சிவப்பு. வடமொழித் ‘தாம்ர’ என்பதிலிருந்து வந்த சொல். செம்பின் நிறத்தைத் தன் பெயரில் கொண்ட தெய்வத்தின் ஊரில்தான் செம்பு அடிப்பவர்களின் தெரு இருக்கிறது. இதில் வரலாற்றுத் தொடர்பு எதையும் நான் காணவில்லை. கேட்க இனிமையாக இருப்பதால் சொன்னேன்.

கசபா கணபதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தாம்பட் ஆளி. ‘ஆளி’ என்பது மராட்டியில் தெருவைக் குறிக்கும். நம் கோயில் தூண்களின் யாளியோடு உறவில்லை. தாம்பட் என்றால் செம்பு வேலை செய்பவர், நம் வழக்கில் கன்னார். தெருவைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. சுத்தியல் ஒலி வழிகாட்டும். வட்டமாக வெட்டிய செம்புத் தகட்டை அடித்துக் குழித்து, அடியில் இறுகிய உலோகத்தை மீண்டும் நெருப்பிலிட்டு இளக்கி, மறுபடி அடிப்பார்கள். புளியும் அமிலமும் கொண்டு கறுப்பை நீக்குவார்கள். இறுதியில் வருவது ‘மட்டார் காம்’. மெருகேற்றிய முகமுடைய சுத்தியலால் பாத்திரத்தின் பரப்பு முழுவதும் ஒரே அளவான சிறு குழிகளை வரிசை பிறழாமல் பதிக்கும் வேலை அது. பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு அடியும் உலோகத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்துகிறது. மெல்லிய தகடு நசுங்காமல் பல ஆண்டுகள் உழைப்பது இந்த அடிகளால்தான். கோடு கிழித்து அளந்து அடிப்பதில்லை. கை ஒரே உயரத்திலிருந்து இறங்க, மறுகை பாத்திரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறது. வரிசை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது.

கொங்கணக் கடற்கரையிலிருந்து புனேக்கு வந்தவர்கள் என்றும், பேஷ்வா ஆட்சியில் பீரங்கி, நாணய வேலைகளில் தம் முன்னோர் ஈடுபட்டனர் என்றும் இச்சமூகத்தார் நினைவுகூர்கின்றனர். 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தபின் அரசவைத் தேவை மறைந்தது. ஆயினும் தெரு மறையவில்லை. ஜேம்ஸ் காம்ப்பெல் பதிப்பித்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் பூனா தொகுதி (1885) செம்பு, பித்தளை வேலையை நகரின் முதன்மைக் கைத்தொழில்களில் ஒன்றாகவே பேசுகிறது. காரணம் எளியது. பீரங்கி அரசனுக்கு வேண்டும். தண்ணீர்க் குடம் எல்லா வீட்டுக்கும் வேண்டும். ஹண்டா, காகர், கங்காள் ஆகிய பாத்திரங்களோடு, ‘பம்ப்’ என்னும் வெந்நீர்க் கலமும் இத்தெருவின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது. நடுவே புகைபோக்கிபோல ஒரு குழாய், அதில் விறகோ கரியோ எரியும். சுற்றிலும் நீர் நிற்கும். மாமல்லபுரம் பற்றியும் பேலூர் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் நாம், வெப்பத்தை இவ்வளவு சிக்கனமாகக் கையாண்ட இந்தக் கலத்தைத் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு வரிக்குக்கூடத் தகுதியுடையதாகக் கருதவில்லை என்பது எனக்கு வியப்பு. பின்னர் எவர்சில்வரும் அலுமினியமும் குடத்தை வென்றன. மின்கருவியும் எரிவாயுவும் பம்பை வென்றன.

தாம்பட் ஆளியிலிருந்து கிழக்கே, நாக்ஜரி ஓடையை அடுத்த சோம்வார் பேட்டையில் திரிசுண்ட் கணபதி கோயில் உள்ளது. 1754இல் தொடங்கப்பட்டு 1770இல் நிறைவுற்றது. கட்டுவித்தவர் பீம்கீர்ஜி கோசாவி. கோசாவிகள் சைவத் துறவியர். அதே வேளையில் பதினெட்டாம் நூற்றாண்டுப் புனேயின் வணிகர்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள். சிவனுக்கென எழுந்து, இன்று மயில்மீது அமர்ந்த மூன்று துதிக்கைக் கணபதிக்கு உரியதாக இருக்கும் இக்கோயிலில் வடமொழியோடு பாரசீகத்திலும் கல்வெட்டு உண்டு. கருவறைக்குக் கீழே கோசாவியின் சமாதி. அது குரு பூர்ணிமை அன்று திறக்கப்படுகிறது.

கறுத்த பசால்ட் கல்லாலான முகப்பில், துப்பாக்கியேந்திய ஐரோப்பியப் படைவீரர் ஒரு காண்டாமிருகத்தைச் சங்கிலியால் பிணைக்கும் சிற்பத்தைக் காணலாம். 1757இல் பிளாசியில் கம்பெனி வங்காளத்தை வென்றதன் உருவகம் என்று இதை விளக்குவது வழக்கம். காலம் பொருந்துகிறது, கிழக்கின் விலங்கு என்பதும் பொருந்துகிறது. ஆனால் இதை உறுதிப்படுத்தும் எழுத்துச் சான்று கல்லில் இல்லை. எனவே நல்ல ஊகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அரசியல் செய்தி என்று நாம் வியக்கும் இந்த உருவை நினைத்தவர் பணம் கொடுத்த கோசாவியா, உளி பிடித்தவரா? கட்டுவித்தவரின் பெயர் நமக்குத் தெரியும். செதுக்கியவருக்கு நாம் ‘சிற்பி’ என்ற பொதுப்பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

தமிழகத்தில் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறான். நித்தவினோதப் பெருந்தச்சனும் கண்டராதித்தப் பெருந்தச்சனும் உடன் இருக்கிறார்கள். தளேகாவ் செப்பேட்டுக்கு ஏறத்தாழச் சமகாலத்ததான பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு, தன்னை எழுதிய யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இதைக் கொண்டு ‘நாம் கலைஞனை மதித்தவர்கள்’ என்று மார்தட்டுவது அவசரம். இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரில் பாதி அரசனுடையது. மேலும் பெயர் பெற்றவர்கள் தலைமைத் தச்சர்கள். கல் சுமந்தவரும் உலை ஊதியவரும் அங்கும் இல்லை. பெயர் என்பது அரசன் வழங்கும் வரிசை. அது வழங்கப்படாதபோது கைவினைஞர் என்ன செய்தனர் என்பதே அடுத்த கேள்வி.

அவர்கள் வழக்காடினர். பொன், இரும்பு, மரம், செம்பு, கல் ஆகிய ஐந்தில் வேலை செய்வோரை மராட்டியத்தில் பாஞ்சாளர் என்பர். நம் ஐந்தொழில் கம்மாளருக்கு இணையான தொகுதி. தாம் விசுவகர்மா வழியினர், தம் சடங்குகளைத் தாமே செய்துகொள்ள உரியவர் என்பது இரு நிலங்களிலும் அவர்களின் வாதம். புனேயின் செம்புத் தொழிலாளர் தம்மைத் ‘த்வஷ்டா காசார்’ என்று அழைத்துக்கொள்வதும் இதே தளத்தில்தான். த்வஷ்டா இந்திரனுக்கு வச்சிரம் செய்துகொடுத்த வேதகாலத் தெய்வத் தச்சன். இப்பெயரை அழகிய புராணமாக மட்டும் கேட்டுவிட்டுப் போவோர் அதிலுள்ள உரிமைக் கோரிக்கையைத் தவறவிடுகின்றனர்.

அக்கோரிக்கைக்கு எதிர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று போதும். 1779 ஜூலை 28 அன்று பம்பாயின் கம்பெனி அரசு, பேஷ்வா தரப்பின் வேண்டுகோளை ஏற்று, தட்டார் சமூகத்தார் ‘நமஸ்காரம்’ என்னும் வணக்க முறையைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்மானித்தது. அம்பேத்கர் தம் எழுத்துகளில் இத்தீர்மானத்தை எடுத்துக்காட்டியுள்ளார். கோயிலுக்கு நகை செய்யும் கை, கூப்பும்போது எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பது இரு அரசுகளின் அலுவலாயிற்று! பேஷ்வா ஆட்சி வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே, 1820களில், புனேயின் பாஞ்சாளத் தட்டார்கள் வேதச் சடங்குரிமை கோரிப் பிராமணரோடு மோதினர், என்.கே. வாக்ளே இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குச் சித்தூர் ஜில்லா அதாலத்து வழக்கு நினைவுக்கு வரும். தங்கள் வீட்டுத் திருமணத்தைத் தங்கள் ஆசாரியரே நடத்தலாம் என்ற கம்மாளர் தரப்புக்குச் சாதகமாக 1818இல் அங்குத் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பு பின்னர் அச்சாகி, தமிழகத்து விசுவகர்மச் சமூகத்தாரிடையே ஓர் ஆவணமாகவே போற்றப்பட்டது. பேஷ்வா வீழ்ந்ததும் அதே 1818. புதிய ஆட்சியின் நீதிமன்றத்தைப் பழைய தடையை உடைக்கும் கருவியாகக் காணும் எண்ணம், ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு விலகிய இரு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கைவினைஞரிடையே தோன்றியது தற்செயலா? செய்தி பயணம் செய்ததா? இன்னும் தொலைவில், பாலித் தீவில், ‘பாண்டே’ எனப்படும் உலோக வினைஞர் குலத்தார் பிராமணப் பூசகரின் தீர்த்தத்தைச் சாராமல் தமக்கெனத் தீர்த்த மரபு வைத்திருக்கின்றனர். பெசாகி பெருங்கோயில் வளாகத்தில் அவர்களுக்குத் தனிக் கோயிலும் உண்டு. அத்தகைய உரிமை இங்கே நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. நெருப்பையும் உலோகத்தையும் ஆள்பவர் தாமே ஒருவகைப் பூசகர் என்னும் எண்ணம் இவ்வளவு பரந்த நிலத்தில் காணப்படுவதை ‘தாக்கம்’ என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட எனக்குத் துணிவில்லை.

மீண்டும் தாம்பட் ஆளிக்கு வருகிறேன். இன்ட்டாக் அமைப்பின் புனே கிளை முதலிய முயற்சிகளால் இத்தெருவின் மட்டார் வேலை புதிய வாங்குவோரைக் கண்டது. இன்று இங்கே அடிக்கப்படுவனவற்றில் தட்டும் குவளையும் விளக்குக் கூண்டும் உண்டு. ‘மரபு கெட்டது’ என்று இதைக் கண்டு வருந்துவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பீரங்கியிலிருந்து குடத்துக்கும், குடத்திலிருந்து பம்புக்கும் மாறியபோது கெடாத மரபு, குவளையில் மட்டும் கெடுமா? என் கவலை இடத்தைப் பற்றியது. பட்டறையும் வீடும் ஒன்றாக இருப்பது இத்தொழிலின் அடிப்படை. பழைய வாடாக்கள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது, சுத்தியல் ஒலி அண்டை வீட்டாரின் புகாராக மாறும். தெருவின் பெயர்ப்பலகை நிற்கும், தெரு பெயர்ந்துவிடும். புனேயிலேயே காகதிபுரா அப்படிப்பட்ட ஒரு பெயர். ஜுன்னரிலிருந்து வந்த முஸ்லிம் காகித வினைஞர்களின் குடியிருப்பு அது. இன்று அவ்வழியே நடப்பவருக்குக் கூழும் சல்லடையும் நினைவுக்கு வர வாய்ப்பில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புனே ஆவணக் காப்பகத்தின் பேஷ்வா தஃப்தரில் கோடிக்கணக்கான மோடி எழுத்துத் தாள்கள் உள்ளன. தஞ்சையிலும் மராட்டிய அரசின் மோடி ஆவணங்கள் கட்டுக் கட்டாக உள்ளன. ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கத்தோடு வெளியிட்டிருக்கிறது. ஒரே மொழி, ஒரே எழுத்து, இரு தலைநகரங்கள். கன்னாருக்கும் தச்சருக்கும் கூலி என்ன, எந்தப் பெயரில் கணக்கெழுதினார்கள், திருமணத்துக்கும் கோயில் வேலைக்கும் என்ன மரியாதை தந்தார்கள் என்று இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர் எவரையும் நான் அறியேன். தமிழும் மோடியும் தெரிந்த ஒருவருக்கு இதில் பத்து ஆண்டு வேலை இருக்கிறது. புனேக்கு வந்தால் முதலில் காப்பகத்துக்குப் போகாதீர்கள். காலையில், பட்டறைகள் திறந்திருக்கும் நேரத்தில், தாம்பட் ஆளியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.