ஆவடிக் கோபுரமும் ஆம்ஸ்ட்ராங்கின் அமைதியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஒருகாலத்தில் இலங்கை வானொலியைத் தேடித் திருகியவர்களுக்குப் பாட்டோடு பட்டறை மோட்டாரின் கரகரப்பும் சேர்ந்தே கிடைத்தது. அகில இந்திய வானொலியின் உயர்சக்தி ஒலிபரப்பிகள் பக்கத்து ஆவடியிலேயே இருந்தமையால் சென்னை நிலையம் தெளிவாகக் கேட்டது. கடல் கடந்து வந்த மெல்லிய அலைதான் தொழிற்சாலைகளிடம் தோற்றது.

மத்திய அலையும் சிற்றலையும் ஒலியை அலையின் வீச்சில் ஏற்றி அனுப்புகின்றன. மின்பொறியும் இடியும் தாக்குவது அதே வீச்சைத்தான். எது பாட்டு, எது பொறி என்று பெட்டி எப்படி அறியும்?

அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் ஒலியை அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில் ஏற்றினார். அதனால் பயனில்லை என்று 1922இல் ஜான் கார்சன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். குறுகிய பட்டைக்கு அக்கணக்கு சரியே. ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலமாக்கி, 1933இல் காப்புரிமை பெற்றார்.

பண்பலைப் பெட்டியின் வேலை ஒருவகையில் புறக்கணிப்புதான். வந்த அலையை முதலில் 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பெருக்குகிறது. (இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும் இம்முறையும் 1918இல் ஆம்ஸ்ட்ராங் கண்டதே.) பின்னர் ஒரு சுற்று அலையின் மேலையும் கீழையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறது, பொறிகளின் பெரும்பகுதி அந்த வெட்டோடு போயிற்று. எஞ்சும் இரைச்சல் உச்ச சுருதிகளில்தான் மிகுதி. ஆகவே நிலையத்திலேயே அச்சுருதிகளைத் தூக்கி அனுப்பி, பெட்டியில் அதே அளவு தாழ்த்துகிறார்கள். பாட்டு தன் பழைய நிலைக்கு வருகிறது. இரைச்சல் மட்டும் தாழ்ந்துபோகிறது. நம்மை மிகவும் கவர்ந்த தந்திரம் இதுவே.

காப்புரிமை வழக்குகளில் நொடித்துப்போன ஆம்ஸ்ட்ராங் 1954 ஜனவரி 31 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடாது நடத்திய வழக்குகளில் கடைசியானது 1967இல்தான் வெற்றியாக முடிந்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு நம் சென்னையில் தொடங்கியது. அதைக் கேட்கும் பெட்டி அன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை என்பது வேறு கதை.

இந்த அமைதிக்கு நாம் கொடுத்த விலை தொலைவு. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் சென்று அடிவானத்தோடு நின்றுவிடும். ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் வந்தால் வலுத்ததை எடுத்து, மெலிந்ததை அமுக்கிவிடும். பழைய முறையில் மெலிந்த குரல் இரைச்சலுக்குள்ளும் உயிரோடிருக்கும். பண்பலையிலோ ஓர் எல்லைக்குக் கீழே வெறும் சீறல்தான். பூந்தமல்லி வழியே காஞ்சிபுரமும் கடந்து வேலூர் நோக்கிப் பேருந்தில் சென்றவர்கள் அந்தச் சீறலை அறிவார்கள். இலங்கைத் தமிழ்க் குரல்கள் அம்பத்தூர் வரை வந்து சேர்ந்தது கரகரப்பான அந்தப் பழைய வழியில்தான்.