இரண்டாவது புற்று

1881இல் வியன்னாவில் பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சையாளர் புற்றுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியகற்றி வெற்றி கண்டார். நோயாளியோ சில மாதங்களில், அந்நோயே மீண்டதனால் மாண்டார். இரண்டாவதொரு புற்றுத் தோன்றுமளவிற்கு அன்று வாழ்ந்தோர் எத்தனை பேர்? சளிப்படையையும் அதன் கீழ்ப்படையையும் தாண்டாத புற்றினை ஆரம்பப் புற்றென யப்பானியர் வரையறுத்தது 1962இல். அந்நிலையிற் கண்டு நீக்கப்பெற்றோர் நெடிது வாழ்ந்தனர். அவருட் சிலருக்கு எஞ்சிய இரைப்பையிலோ, பெருங்குடல், நுரையீரல் முதலிய பிறவுறுப்புகளிலோ புதிய புற்று முளைத்தது. இது பழைய நோயின் பரவலன்று, வேறொரு நோய். இவ்வேறுபாட்டை அறியும் விதிகளை வாரன், கேற்ஸ் என்போர் 1932இலேயே வகுத்திருந்தனர். ஆதலின் குணமடைந்த பின்னரும் ஆண்டுக்கணக்கிற் கண்காணிப்பு வேண்டும்.

இரணைமடு நீர் பாயும் வட்டக்கச்சி வயல்களில் உழைப்போருக்கு மகரகமை நெடுந்தொலைவு. 2006இல் முகமாலையில் ஏ9 வீதி அடைபட்டபோது யாழ்ப்பாணமும் எட்டாத ஊராயிற்று. 2013இல் தெல்லிப்பழையிற் புதிய புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தூரம் குறைந்தது உண்மையே. ஆயினும் அரிவுவெட்டுக் காலத்தில், நோவில்லாத வயிற்றைக் காட்டுவதற்கென எவர் பேருந்து ஏறுவார்?