ரெகுலேட்டரை வைஸில் நசுக்கினா பவர் கூடுமா? செலவில்லாத டிரிக்... ஆனா ஆபத்து எங்கே?

பழைய காருக்கு டர்போ போட்டாச்சு. பெரிய இன்ஜெக்டர் வாங்க காசு இல்லை. அப்போ வரும் முதல் யோசனை, "ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டரை வைஸ்ல வச்சு லேசா நசுக்குங்க, பெட்ரோல் கூட வரும்" என்பதுதான். வருமா? வரும். நினைக்கிற அளவுக்கு வராது.

ரெகுலேட்டர் என்ன செய்யுது?

பெட்ரோல் பம்ப் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே தள்ளும். இன்ஜெக்டர்கள் இருக்கும் ரெயிலின் முனையில் உள்ள இந்தக் குட்டி உலோக டப்பா, மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம், அதை அழுத்தும் ஸ்பிரிங். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிரஷர். பல கார்களில் இது 3 பார், அதாவது சுமார் 43.5 பிஎஸ்ஐ.

மூடியை நசுக்கினால் ஸ்பிரிங் அமுங்கி பிரஷர் ஏறும். சிலர் மூடியில் ஓட்டை போட்டு, மரை வெட்டி, போல்ட்டால் ஸ்பிரிங்கை அழுத்துவார்கள். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

கணக்கு எங்கே இடிக்குது?

3 பாரை 4 பாராக்கினால் பிரஷர் 33% கூடும். ஆனால் பெட்ரோல் சுமார் 15% தான் கூடும். இது வர்க்கமூலக் கணக்கு. 3.5 பார் வைத்தால் வெறும் 8%. இதில் இன்னொரு சிக்கல், பிரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். பம்ப் பழசா இருந்தா, முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் பத்தாமல் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

டர்போ இல்லாத சாதாரண காரா? விட்டுடுங்க. நிதானமா ஓட்டும்போது கூடுதல் பெட்ரோலை ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடிச்சு சொல்லிடும், இசியு உடனே இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைச்சிடும். மைலேஜ் கூடும்னு சொல்றதெல்லாம் கதை.

தீப்பிடிக்கும் அபாயம்

நசுக்கியதை மறுபடி நிமிர்த்த முடியாது. ஓட்டை போட்டது அதைவிட மோசம். டயஃப்ரம் கிழிந்தால், சாதாரணமா பெட்ரோல் மேலே உள்ள வேக்கம் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போகும். ஓட்டை போட்ட டப்பாவில் போல்ட் மரை வழியாக வெளியே, சூடான இன்ஜின் மேலேயே கசியும். இன்ஜினை நிறுத்திட்டு அந்த ஹோஸைக் கழற்றிப் பாருங்க. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தா டயஃப்ரம் போச்சுன்னு அர்த்தம்.

குறைந்த செலவில் சரியான வழி

அதே வடிவில் அதிக பாருக்குத் தயாரான ரெகுலேட்டரை மாட்டுவதுதான். ஃபோக்ஸ்வேகன், ஆடியின் பழைய 1.8 டர்போ இன்ஜின்களில் 3 பார் ரெகுலேட்டருக்குப் பதில் 4 பார் போடுவது ரொம்ப நாள் பழக்கம். கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு, இன்ஜின் தானா நிற்கும்வரை ஓடவிடுங்க. ரெயிலில் உள்ள பிரஷர் இறங்கிடும். பேட்டரி நெகட்டிவையும் கழற்றுங்க. ஓ-ரிங் கட்டாயம் புதுசு போடணும். மிச்சமாகும் காசில் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்க. அளக்காமல் பிரஷரை ஏத்துவது குருட்டு வேலை.

புது கார்களில் பெரும்பாலும் ரிட்டர்ன் லைனே கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள், பம்ப்போட சேர்ந்தே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் என்றால் ரெயில் பிரஷர் 100 பாரையும் தாண்டும். அதில் கையே வைக்காதீங்க.