புரியும்படி எழுதியவர்கள்

கணினிக்கு அன்றாடச் சொற்களிலேயே கட்டளையிடலாம் என்று கிரேஸ் ஹாப்பர் சொன்னபோது அவருக்குக் கிடைத்த பதில், கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்பதுதான். 1950களின் தொடக்கம் அது. சொன்னவர் ஒன்றும் குறியீடுகளைக் கண்டு மிரளுகிறவர் அல்ல. 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாஸர் பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஹார்வர்டின் மார்க் ஒன் கணினிக்கு நிரல் எழுதியவர். தனக்கு எளிதாக இருப்பது மற்றவர்களுக்கும் எளிதாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளக் கணக்கு எழுதுகிறவர்களும் சரக்குக் கையிருப்பைப் பார்க்கிறவர்களும் சொற்களில் சிந்திக்கிறார்கள், ஆகவே அவர்களுடைய வேலைக்கான நிரலும் சொற்களில் இருக்க வேண்டும் என்றார்.

இதை மெய்ப்பிக்க அவரும் அவருடைய குழுவினரும் ஒரே நிரலை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிச் சொற்களிலும் எழுதி ஓட்டிக் காட்டினார்கள். எந்திரத்தைப் பொறுத்தவரை எந்தச் சொல்லும் ஓர் அடையாளம்தான். நிர்வாகிகளோ அரண்டுபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்பது அவர்களுடைய திகைப்பு. ஹாப்பர் பின்னாளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த எதிர்ப்புகளுக்கு நடுவில்தான் ஃப்ளோமேட்டிக் என்ற மொழி உருவாகியது.

எதிர்ப்பு நிர்வாகத்திடமிருந்து மட்டும் வரவில்லை. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ், 1950களின் நிரலாளர்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதும்போது, சாமானியர்களுக்கு எட்டாத மறைபொருளைக் காக்கும் பூசாரிகளாக அவர்கள் தங்களைக் கருதிக்கொண்டதாகக் குறிப்பிட்டார். நிரல் எழுதுவதை எளிதாக்கும் முயற்சிகளை அவர்கள் ஏளனத்தோடு பார்த்தார்கள். கருவறைக் கதவு யாருக்காகச் சாத்தப்படுகிறது என்பது நமக்குத் தெரியாத செய்தியல்ல.

அந்தக் கதவை 1959இல் திறந்தவர்களில் பெண்கள் பலர். எல்லா நிறுவனக் கணினிகளிலும் ஓடக்கூடிய ஒரு பொது வணிக மொழி வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கியவர் பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாஸ். அவ்வாண்டு மே மாதம் பென்டகனில் கூட்டம் நடந்தது. மொழியின் வரையறையை எழுதி முடித்த ஆறு பேரில் ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி ஆகிய இருவர் பெண்கள். ஹாப்பரின் ஃப்ளோமேட்டிக் அதற்கு முக்கிய அடித்தளமாக இருந்தது. அப்படிப் பிறந்த மொழிதான், தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளையின் பெயர்போல ஒலிக்கும் கோபால். இது தேறாது என்ற பேச்சு அப்போதே எழுந்தது. குழுவில் இருந்த ஹோவர்ட் பிராம்பெர்க் அலுத்துப்போய், கோபால் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கிப் பென்டகனுக்கே அனுப்பிவைத்தார். ஆனால் 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது.

கோபாலின் போக்கை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். 'க = ம × வ' என்று ஒருவர் எழுதுகிறார். 'வேலைசெய்த மணிநேரத்தை மணிக்கூலியால் பெருக்கி வாரச்சம்பளம் என வை' என்று இன்னொருவர் எழுதுகிறார். எந்திரம் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தால், இரண்டாவது வரியில் அதைக் கணக்குப் பிரிவில் இருக்கும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். முதல் வரியில் எழுதியவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்ட்ரானில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். கோபால் முப்பது எழுத்துகள் வரை தந்தது. மேலாளர்கள் படிக்க வேண்டும் என்பதே அதை வடிவமைத்தவர்கள் சொன்ன நோக்கம். கூலி வாங்குபவர் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மேலாளர் படிக்கக்கூடிய ஒன்றைக் குமாஸ்தாவும் படிக்க முடியும்.

பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகள் இந்த மொழியை மதிக்கவில்லை. அதன்மீது வைக்கப்பட்ட கேலிகளில் முதன்மையானது, அது வளவளவென்று பேசுகிறது என்பது. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இல், கோபால் மூளையை முடமாக்கும் என்றும் அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கருத வேண்டும் என்றும் எழுதினார். பெண்கள் உருவாக்கியதால்தான் அது இழிவுபடுத்தப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. அந்த மொழிக்கு உண்மையான குறைகள் இருந்தன. நீளமாக இருப்பதெல்லாம் தெளிவாக இருப்பதுமில்லை. நான் கவனிப்பது வசைக்குத் தேர்ந்தெடுத்த சொல்லை. 'வளவள' என்பது நம் வீடுகளில் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

எதிர்முனையில் கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் இருந்தது. அவருடைய நூல் 1962இல் வந்தது. தனிக் குறியீடுகளால் ஆன மொழி அது; தட்டச்சு செய்யவே தனி எழுத்துருளை தேவைப்பட்டது. மற்ற மொழிகளில் ஒரு பக்கம் பிடிப்பதை அதில் ஒரு வரியில் எழுதிவிடலாம். நல்ல குறியீடு சிந்தனைக்குக் கருவியாகும் என்றார் ஐவர்சன். கணிதம் அறிந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சுருக்கத்தைச் சுற்றி ஒரு பழக்கமும் வளர்ந்தது. இதைப் பதிவு செய்தவரும் டைக்ஸ்ட்ராதான். ஒருவர் ஒற்றை வரி நிரலை எழுதி இன்னொருவர் மேசையில் வைக்கிறார், இது என்ன செய்யும் சொல் பார்ப்போம் என்கிறார், அல்லது இதைவிடக் குறைந்த குறிகளில் உன்னால் எழுத முடியுமா என்கிறார். 1972இல் டூரிங் விருது உரையில் இதைச் சொன்ன டைக்ஸ்ட்ரா, தன் மண்டையின் கொள்ளளவை அறிந்த நிரலாளர் சாதுரிய வித்தைகளை அண்டவிட மாட்டார் என்றும் சொன்னார். கோபாலைச் சாடிய அதே 1975ஆம் ஆண்டுக் குறிப்பில் ஏபிஎல்லையும் அவர் சாடினார்.

அந்த மேசையில் நடப்பது ஒரு புதிர்ப் போட்டி. அதில் வாசிப்பவர் எதிராளி. அவருக்குப் புரியாமல் போவதுதான் எழுதியவருக்கு வெற்றி.

எப்படிப்பட்டவர்களைத் தொழிலுக்குள் எடுத்தார்கள் என்பதோடு சேர்த்து இதைப் பார்க்க வேண்டும். 1966இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 நிரலாளர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 186 பேர். நிரலாளர்களுக்குப் புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு நெருங்கிப் பழகும் வேலைகள் பிடிக்காது என்பது அவர்கள் தந்த சித்திரம். இத்தகைய சித்திரங்கள் ஆளெடுக்கும் சோதனைகளுக்குள்ளும் நுழைந்தன. மனிதர்களில் நாட்டமில்லாதவரே நல்ல நிரலாளர் என்று தேர்ந்தெடுத்தால், அவர் எழுதுவது மனிதர்கள் படிப்பதற்கு உகந்ததாக எப்படி இருக்கும்?

தமிழ் கற்பிப்பவளாக எனக்கு இந்தச் சண்டை அந்நியமாகப் படவில்லை. நூற்பா மரபும் சுருக்கத்தின் மரபுதான். நன்னூல் ஒரு நூலின் பத்து அழகுகளைப் பட்டியலிடும்போது சுருக்கத்தையும் விளக்கத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. குற்றங்களைச் சொல்லும்போது குறைத்துச் சொல்வதை முதலிலும் மிகுத்துச் சொல்வதை அதற்கு அடுத்தும் வைக்கிறது. ஓலையில் எழுதி மனப்பாடம் செய்து கற்ற காலத்தில் சுருக்கம் தேவையாக இருந்தது. ஆனால் நூற்பா தனியாக நடமாடவில்லை. அதை விரித்துச் சொல்ல எதிரே ஆசிரியர் இருந்தார், பின்னர் இளம்பூரணர் போன்றோரின் உரைகள் வந்தன. ஆசிரியர் முன்னால் உட்கார அனுமதி உள்ளவருக்குத்தான் சுருக்கம் அழகு. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் அது பூட்டு.

நிரலில் உரையின் வேலையைச் செய்பவை தெளிவான பெயர்களும் குறிப்புரைகளும். நிரலை முதலில் மனிதர் வாசிப்பதற்காகவே எழுத வேண்டும் என்ற கருத்தைப் பரப்பிய புகழ்பெற்ற பாடநூல் ஒன்று 1985இல் வந்தது. அதன் தலைப்புப் பக்கத்தில் ஹெரால்ட் ஏபெல்சன், ஜெரால்ட் ஜே சஸ்மன் என்ற இருவர் ஆசிரியர்கள். 'ஜூலி சஸ்மனுடன்' என்று மூன்றாவது பெயர். இலக்கணத்தில் இதை உடனிகழ்ச்சிப் பொருள் என்போம். வாசகருக்காக எழுதுங்கள் என்று சொன்ன நூலிலேயே ஒரு பெண் 'உடன்' வருகிறார்.

1990களின் இறுதியில் இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டை 1900 என்று கொள்ளும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியது. எண்பது பத்திகள் கொண்ட துளை அட்டையில் இடத்தை மிச்சப்படுத்திய சிக்கனம் அது. கோபால் நிரல்களும் அதற்கு விலக்கல்ல. அவற்றைத் திருத்தும் வேலை பெருமளவில் இந்தியாவுக்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த இளைஞர்கள், தாங்கள் பார்த்தேயிராத அமெரிக்க வங்கிகளின் நிரல்களை வரிவரியாகப் படித்தார்கள். முன்பின் தெரியாதவர் எழுதியதைப் பல ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தபோது, சொற்களால் எழுதியிருந்தது எவ்வளவு பெரிய உதவி! 2020 ஏப்ரலில்கூட, பெருந்தொற்றுக் காலத்தில், நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்களைத் தன்னார்வலர்களாக அழைத்தார்.

என்னிடம் படித்த பெண்களில் சிலர் பின்னர் கணினிப் படிப்பு படித்து இன்று மென்பொருள் நிறுவனங்களில் பராமரிப்புப் பணியில் இருக்கிறார்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பழுது நீக்குவது அவர்கள் வேலை. வீட்டைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், கூட்டிப் பெருக்குகிறவர் பெயர் எங்கும் இருக்காது. அப்படித்தான் இதுவும். எழுதியவர் பதவி உயர்ந்து போயிருப்பார். அவருடைய ஒற்றையெழுத்துப் பெயர்களோடு இரவு பதினொரு மணிக்கு மல்லுக்கட்டுபவள் வேறொருத்தி. புரியவில்லை என்று அவள் சொன்னால் அது அவளுடைய அறிவுக் குறையாகவே கணக்கில் ஏறும்.

ஹாப்பர் இந்தக் கணக்கை மாற்றி எழுதினார். படிப்பவருக்குப் புரியவில்லை என்றால் பிழை எழுதிய இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய வேலைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணம். 1986இல் தம் 79ஆவது வயதில் அவர் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றார். எனக்குத் தெரிந்த பெண்கள் அவர் பெயரை அறிந்துகொள்வது நல்லதுதான். அதைவிட அவர்களுக்கு இன்று தேவைப்படுவது, இதைப் புரியும்படி எழுதிக் கொடு என்று எழுதியவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை.